ஒரே நாளில் பதினொன்று, அப்புறம் ஏழு வாரம் ஒன்றுமில்லை: பெண் குழந்தைகளுக்கு வரும் கொத்து வலிப்பு

#1 · மின்மினி

என் மகளுக்கு இப்போது 19 மாதம். முதல் வலிப்பு வந்தபோது 9 மாதம். உடம்பு லேசாகச் சுட்டது, 38 டிகிரியைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். காய்ச்சல் வலிப்புதான், நிறையக் குழந்தைகளுக்கு வரும், பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று இரவே இன்னொன்று. மறுநாள் ஏழு. அதற்கு மறுநாள் பதினொன்று. ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரண்டு மூன்று மருந்து ஏற்றி, ஐந்தாம் நாள் நின்றது. எந்த மருந்தால் நின்றது என்று கேட்டேன். "தானாகவே நின்றிருக்கவும் வாய்ப்பிருக்கிறது" என்றார் டாக்டர். அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

பிறகு ஏழு வாரம் எதுவும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். முடிந்துவிட்டது என்றே நினைத்தோம். ஒருநாள் மூக்கு ஒழுகியது. மூன்று நாளில் பதினான்கு வலிப்பு. இப்படி இதுவரை நான்கு தடவை.

ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. அந்த ஆரம்பத்தைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. விளையாடிக்கொண்டிருப்பவள் கையை அப்படியே நிறுத்துவாள். கண் அகலும். உதடு வெளுக்கும். பிறகு ஓர் அலறல். அழுகை இல்லை, அலறல்தான். என் மடியில் இருந்துகொண்டே என்னைத் தேடுவாள். அதன் பிறகுதான் உடம்பு விறைக்கும். ஒன்றிரண்டு தூக்கத்தில் வந்தபோது கெட்ட கனவு என்று நினைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

போன வாரம் மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது. பிசிடிஎச்19 என்ற மரபணுவில் பிறழ்வு, அதாவது தப்பான மாற்றம், என்று போட்டிருக்கிறது. டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார், என் காதில் பாதி ஏறவில்லை. பெண் குழந்தைகளுக்கு வருகிற வகை என்றார். அப்பாவின் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும் என்றார். அவருக்கு வலிப்பு என்ன, மயக்கம்கூட ஒருநாளும் வந்ததில்லை. பெண்களுக்கு வருகிற நோய்க்கு அவர் ரத்தம் எதற்கு?

இந்த அலறலை வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?


#2 · அரைத்தூக்கம்

பார்த்திருக்கிறேன். என் மகளுக்கு எட்டு வயது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் தூக்கத்தில் கேட்கும்.

அவளுக்கு மூன்று வயதானபோது அலறலுக்கு முன்னால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். "வருது" என்பாள். அந்த ஒரு சொல்தான். முகத்தில் நாய் துரத்தியதுபோல ஒரு பீதி இருக்கும். நான்கைந்து விநாடியில் பார்வை என்னைத் தாண்டிப் போய்விடும், கூப்பிட்டால் பதில் இருக்காது. சில சமயம் அத்தோடு முடியும். சில சமயம் கைகால் வெட்டும்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், எனக்கு இது புரிய மூன்று வருடம் பிடித்தது. வலிப்பை எண்ணாதீர்கள். கொத்தை எண்ணுங்கள்.

நான் ஆரம்பத்தில் மாதக் கணக்கு வைத்திருந்தேன். ஜனவரி 31, பிப்ரவரி 0, மார்ச் 0, ஏப்ரல் 26. இந்தக் கணக்கு நம்மை நன்றாக ஏமாற்றும். ஜனவரியில் கொத்து வந்ததும் புது மருந்து சேர்ப்பார்கள். பிப்ரவரி, மார்ச் சுத்தம். ஆகா, மருந்து பிடித்துவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம். ஏப்ரலில் மறுபடி. அந்த மருந்தைத் திட்டி அடுத்ததற்குப் போவோம். உண்மையில் அந்த இரண்டு மாத அமைதி மருந்து இல்லாமலேயே வந்திருக்கும், அவளுடைய சுழற்சியே அப்படித்தான். இது தெரியாமல் இரண்டு மருந்துகளை வீணாக மேலே ஏற்றி வைத்திருந்தோம். பிள்ளை நாள் முழுக்க அரைமயக்கத்தில் இருந்தாள்.

இப்போது நோட்டில் ஒரு கொத்துக்கு ஒரு வரிதான். முதல் வலிப்பு எந்த நாள், எத்தனை மணி. அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது: காய்ச்சலா, சளியா, தூக்கம் கெட்டதா, தடுப்பூசியா, ஒன்றுமே இல்லையா. மொத்தம் எத்தனை, மிக நீளமானது எவ்வளவு. கடைசி வலிப்பு எப்போது. அப்புறம் கடைசிக் கட்டத்தில் "எப்போது பழையபடி ஆனாள்" என்று ஒரு தேதி. மற்ற எல்லாவற்றையும்விட எங்கள் டாக்டர் கேட்பது இந்தக் கடைசித் தேதியைத்தான்.


#3 · நரம்புமுடிச்சு

குழந்தை நரம்பியலில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மகளை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

மின்மினி, நீங்கள் எழுதியிருப்பதை இந்த நோய்க்கான பாடமாகவே வைக்கலாம். ஆரம்பம் பெரும்பாலும் முதல் வயதுக்குள், 8 முதல் 12 மாதத்தை ஒட்டி. மூன்று வயது வரைகூடத் தள்ளி வருவதுண்டு. வலிப்பு தனித்தனியாகக் குட்டையானது, ஆனால் கூட்டமாக வரும். ஒரு நாளில் பத்துக்கு மேல், பல நாள் தொடர்ந்து. பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அமைதி. பாதிக்கு மேற்பட்ட சமயம் காய்ச்சல் கிளப்பிவிடும். மிகச் சின்னக் காய்ச்சலே போதும். பல குடும்பங்களில் தெர்மாமீட்டர் காட்டுவதற்கு முன்பே வலிப்பு வந்து, அதற்கப்புறம்தான் காய்ச்சல் தெரியவரும்.

அலறலுக்கு வருகிறேன். இது வலிப்பைப் பார்த்துக் குழந்தை பயப்படுவது இல்லை. பயமே வலிப்பின் முதல் பகுதி. மூளையில் பய உணர்ச்சியோடு தொடர்புடைய இடங்கள் நெற்றிப்பொட்டுப் பக்கத்து மடலின் உட்புறத்தில் இருக்கின்றன. வலிப்பு அங்கே கிளம்பினாலோ அங்கே பரவினாலோ, வெளியே காரணம் எதுவும் இல்லாமலேயே பயம் வரும். முகம் வெளுப்பதும் இதயம் படபடப்பதும் அதே கணக்குதான். இத்தாலிய மருத்துவர்கள் 2012-இல் இந்தப் பயந்த அலறலைத் தனியாகவே எழுதினார்கள்; ஒரு பெண் குழந்தைக்குக் காய்ச்சலில் கொத்துக் கொத்தாக வலிப்பு, கூடவே இந்த அலறல் என்றால் உடனே இந்த மரபணுவை நினைக்க வேண்டும் என்கிற அளவுக்கு அது ஒரு துப்பு. தூக்கத்தில் வரும்போது இரவுப் பீதி, கெட்ட கனவு என்று தவறாக எடுத்துக்கொள்வது சகஜம். நீங்கள் தட்டிக்கொடுத்ததில் தப்பில்லை.

இதை டிராவே சிண்ட்ரோம் என்ற இன்னொரு குழந்தை வலிப்பு நோயோடு குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. அதுவும் முதல் வயதில், அதுவும் காய்ச்சலில். ஆனால் அங்கே வலிப்பு நீளமாக, சில சமயம் அரை மணி நேரம், உடம்பின் ஒரு பாதியில் மட்டும் வெட்டும். போகப்போகச் சின்னச் சின்ன உதறல்கள் சேரும். இங்கே நீளம் குறைவு, எண்ணிக்கை அதிகம். உதறல் வகை அபூர்வம். ஒரு காலத்தில் "டிராவே மாதிரி இருக்கிறது, ஆனால் டிராவேயில் பெரும்பாலும் கெட்டிருக்கும் எஸ்சிஎன்1ஏ மரபணு சரியாக இருக்கிறது" என்று ஓரமாக வைக்கப்பட்ட பெண் குழந்தைகளில் சிலருக்கு 2009-க்குப் பிறகுதான் பிசிடிஎச்19 என்று தெரிந்தது.


#4 · கோடைமழை

எங்கள் வீட்டில் அலறல் இல்லை. அவள் நின்றுபோவாள், அவ்வளவுதான். கை கீழே விழும், உதடு லேசாக நீலமாகும், நாற்பது விநாடி. பார்க்காதவர்களுக்கு யோசிக்கிறாள் என்று தோன்றும். நாலாவது அல்லது ஐந்தாவது வலிப்பில்தான் பெரிதாகக் காட்டும். அதனால் எங்கள் கணக்கில் எப்போதும் முதல் மூன்று விடுபட்டுப் போகும்.


#5 · பழையசைக்கிள்

காய்ச்சல்தான் காரணம் என்றால் தீர்வு எளிது. மூக்கு ஒழுக ஆரம்பித்ததுமே பாராசிட்டமால் ஆறு மணிக்கொரு தடவை, இடைவிடாமல். என் அண்ணன் மகளுக்கு அப்படித்தான் செய்தார்கள், ஒரு வருடமாக வலிப்பே இல்லை.


#6 · நரம்புமுடிச்சு

பாராசிட்டமால் கொடுத்தால் குழந்தைக்கு உடம்பு வலி குறையும், தண்ணீர் குடிப்பாள், அதற்காகக் கொடுங்கள். ஆனால் சாதாரணக் காய்ச்சல் வலிப்பிலேயே அது அடுத்த காய்ச்சலில் வலிப்பு வராமல் தடுப்பதில்லை என்று ஆய்வுகளில் பார்த்தாகிவிட்டது. வலிப்பைத் தூண்டுவது சூடு மட்டும்தானா, காய்ச்சலோடு வரும் அழற்சிப் பொருட்களுமா என்பது வேறு பேச்சு. எடைக்கு ஏற்ற அளவைத் தாண்டி நாள்கணக்கில் கொடுத்தால் கல்லீரல் பாதிக்கப்படும். அது மட்டும் வேண்டாம்.


#7 · அரைத்தூக்கம்

பழையசைக்கிள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அண்ணன் மகளுக்கு எத்தனை வயது?


#8 · பழையசைக்கிள்

பதிமூன்று.


#9 · அரைத்தூக்கம்

அதுதான் கேட்டேன். இந்த வயதில் பலருக்குத் தானாகவே குறையும் என்கிறார்கள். பாராசிட்டமாலுக்குப் பேர் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான், குளிப்பாட்டும் நேரத்தை மாற்றியதால் நின்றது என்று நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.


#10 · மூத்தவள்

நான் அம்மா இல்லை. எனக்கே இந்த நோய். வயது 26. இந்த இழையைப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று எனக்கு நினைவிருக்கிறது. ஆறு ஏழு வயதில் வந்தவை நினைவிருக்கின்றன. எதையோ பார்த்துப் பயப்படுவது கிடையாது. வயிற்றிலிருந்து ஒன்று மேலே ஏறும். ஏறும்போதே உலகத்தில் எல்லாமே தப்பாகிவிட்டது, நான் மட்டும் கடைசியாகத் தெரிந்துகொள்கிறேன் என்பதுபோல இருக்கும். அம்மா முகம் எதிரில் இருக்கும், அது அம்மா முகம் என்றும் தெரியும், ஆனால் அதனால் எந்த ஆறுதலும் வராது. "மடியிலேயே இருந்துகொண்டு என்னைத் தேடுகிறாள்" என்று மின்மினி அக்கா எழுதிய இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

அந்த நேரத்தில் "என்னைப் பார், என்னைப் பார்" என்று யாராவது முகத்தைத் திருப்பினால் இன்னும் மோசம். அம்மா ஒன்றும் பேசாமல் முதுகில் உள்ளங்கையை வைத்திருப்பார். முடிந்து நினைவு திரும்பும்போது முதலில் தெரிவது அந்தக் கைதான். எல்லாருக்கும் இப்படியா தெரியாது, எனக்கு அப்படி.

14 வயதில் நின்றது. பன்னிரண்டு வருடத்தில் ஒன்றுகூட இல்லை. வலிப்பு நின்றதும் எல்லாரும் ஃபைலை மூடிவிட்டார்கள், என்னைத் தவிர. எனக்கு அப்போதுதான் மற்றது ஆரம்பித்தது. கதவைப் பூட்டினேனா என்று இருபது தடவை பார்ப்பது, கூட்டத்தில் கை நடுங்குவது, ஒரே எண்ணம் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. சோம்பேறித்தனம், செல்லம் கொடுத்துக் கெட்டுவிட்டாள் என்றெல்லாம் பேச்சு கேட்டேன். 21 வயதில் ஒரு மனநல டாக்டர் என் பழைய ஃபைலை முழுக்கப் படித்துவிட்டு, இதுவும் அதே மரபணுவின் வேலையாக இருக்கலாம் என்றார். அன்று வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

வலிப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.


#11 · நரம்புமுடிச்சு

மூத்தவள் எழுதியதற்கு நன்றி. எங்கள் வகுப்பில் இது ஒரு வரியில் கடந்துபோகும்.

அவர் சொல்வது சரி. வலிப்பு பதின்ம வயதில் குறைவது அடிக்கடி நடக்கிறது, சிலருக்கு முழுக்க நிற்கிறது. ஆனால் ஆட்டிசத் தன்மைகள், கவனக் குறைவு, பதற்றம், திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம், சிலருக்கு வளர்ந்த பிறகு மனச்சிதைவு போன்ற அறிகுறிகள், இவையெல்லாம் வலிப்போடு கூட நின்றுவிடுவதில்லை. அறிவு வளர்ச்சியும் ஆளுக்கு ஆள் வேறு: ஒருத்தி கல்லூரி முடிப்பாள், இன்னொருத்திக்குச் சட்டைப் பித்தான் போடவே உதவி தேவைப்படும். ஒரே குடும்பத்தில், ஒரே பிறழ்வு உள்ள அக்கா தங்கைக்குள்ளேயே இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். மரபணு அறிக்கையை வைத்து எந்தக் குழந்தை எப்படி வளரும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள்.


#12 · மின்மினி

மூத்தவள், உங்கள் பதிவை அவரிடம் வாசித்துக் காட்டினேன். இனிமேல் நாங்கள் முகத்தைத் திருப்ப மாட்டோம்.

அப்பாவின் ரத்தம் பற்றி யாராவது சொல்லுங்களேன். எக்ஸ் குரோமோசோம் நோய் என்றால் ஆண்களுக்குத்தானே வரும், பெண்கள் கடத்துவார்கள் என்று பள்ளியில் படித்த ஞாபகம். இங்கே எல்லாம் தலைகீழாக இருக்கிறது.


#13 · வெள்ளெலி

ஆய்வகத்தில் எலிகளோடு காலம் தள்ளும் ஆள் நான். இந்தக் கேள்விக்காகவே கணக்கைத் தூசி தட்டித் திறந்தேன், ஏனென்றால் மரபியலில் இதைவிட விசித்திரமான கதை குறைவு.

தலைகீழ்தான். 1971-இல் ஜூபர்க், ஹெல்மன் என்ற இருவர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அந்த ஒரே குடும்பத்தில் 15 பெண்களுக்குச் சின்ன வயதில் வலிப்பு. நோய் வந்ததோ அப்பாக்கள் வழியாக; அப்பாக்களோ நன்றாக இருந்தார்கள். 1997-இல் எக்ஸ் குரோமோசோமில் எந்தப் பகுதி என்று கண்டுபிடித்தார்கள். எந்த மரபணு என்று தெரிய 2008 ஆகிவிட்டது.

பிசிடிஎச்19 உருவாக்கும் புரதம் மூளைச் செல்களின் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கொக்கி. பக்கத்துச் செல்லில் அதே மாதிரிக் கொக்கி இருந்தால் இரண்டும் பற்றிக்கொள்ளும். மூளை வளரும்போது யார் யாருக்குப் பக்கத்தில் என்று அடையாளம் கண்டுகொள்ள இந்த மாதிரிக் கொக்கிகள் உதவுகின்றன. நோயை உண்டாக்கும் பிறழ்வுகளில் பெரும்பாலானவை இந்த மரபணுவின் முதல் எக்ஸானில், அதாவது புரதத்துக்கான குறிப்பு உள்ள முதல் துண்டில், இருக்கின்றன. கொக்கியின் வெளியே நீளும் பகுதியை எழுதுவது அதுதான்.

ஆணுக்கு ஒரே எக்ஸ். அதில் கொக்கி கெட்டிருந்தால் அவருடைய செல்கள் எல்லாவற்றிலும் கெட்டிருக்கும். எல்லாரும் ஒரே மாதிரி. மற்றக் கொக்கிகளை வைத்துச் சமாளித்துக்கொள்கின்றன என்று நினைக்கிறோம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒவ்வொரு செல்லும் கருவிலேயே இரண்டில் ஒன்றைச் சீட்டுப் போட்டுத் தூங்க வைத்துவிடும். அதனால் பாதிச் செல்களில் நல்ல கொக்கி, பாதியில் கெட்டது, கலந்து கிடக்கும். இந்தக் கலப்புத்தான் வம்பு. 2018-இல் எலிகளில் இதை நேரடியாகப் பார்த்தார்கள்: கலப்பு இருந்த பெண் எலிகளின் மூளையில் இரண்டு வகைச் செல்களும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனிப் பட்டையாக ஒதுங்கியிருந்தன. மரபணுவை முழுக்கவே நீக்கிய எலிகளில் அந்தப் பட்டை இல்லை. ஒரு துணியில் இரண்டு விதச் சாயநூல் சீராகக் கலக்க வேண்டிய இடத்தில் கோடு கோடாகத் திரண்டு நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: மரபணு முழுக்க இல்லாவிட்டால் பிரச்சினை இல்லை, பாதி இருந்தால்தான் பிரச்சினை. எங்கள் பேராசிரியர் இதை முதலில் கேட்டபோது அச்சுப்பிழை என்று நினைத்தாராம்.

ஆகவே அப்பாவின் ரத்தம் தேவை. அவரிடமிருந்து வந்திருந்தால், ஓர் ஆண் தன் ஒரே எக்ஸை எல்லா மகள்களுக்கும் கொடுத்தாக வேண்டும். மகன்களுக்குக் கொடுக்கவே முடியாது. அம்மாவிடமிருந்து என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி. இரண்டு பேரிடமும் இல்லை, குழந்தையிடம் புதிதாக உண்டானது என்ற முடிவும் மிகச் சகஜம். அப்போதும் அடுத்த குழந்தைக்கு அபாயம் முழுப் பூஜ்யம் என்று சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் ரத்தத்தில் தெரியாமல் விந்திலோ கருமுட்டையிலோ மட்டும் ஒளிந்திருக்கலாம்.


#14 · நாலாம்மாடி

நான்தான் அந்த அப்பா. மின்மினியின் கணவர் இல்லை, வேறொருவர்.

முடிவு வந்த தினம் டாக்டர் என்னைப் பார்த்துப் பேசினார், நான் மேசையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு மகள்கள். பெரியவளுக்கு வலிப்பு. சின்னவளுக்கு அப்போது ஐந்து மாதம். கணக்கு எளிது, நான் மனதிலேயே போட்டுவிட்டேன்.

சின்னவளுக்கு இப்போது நான்கு வயது. இதுவரை ஒன்றும் வரவில்லை. பிறழ்வு இருக்கிறது, வலிப்பு இல்லை. பத்தில் ஒருவருக்கோ கொஞ்சம் கூடவோ அப்படி இருக்கும் என்றார்கள். காரணம் கேட்டால் கையை விரிக்கிறார்கள்.

இன்னொன்று. இதைக் கடத்தும் ஆண்களில் சிலர் கொஞ்சம் பிடிவாதக்காரர்களாக, எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தாக வேண்டும் என்பவர்களாக இருப்பதாக முதல் ஆய்வுகளிலேயே எழுதியிருக்கிறார்களாம். டாக்டர் இதைச் சொன்னதும் என் மனைவி சிரித்துவிட்டாள். அந்த அறையில் அன்று சிரித்தது அது ஒரு தடவைதான்.

மின்மினியின் கணவர் இதைப் படித்தால்: ஒரு வருடம் என் மகளின் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் கொடுத்தது எனக்கே தெரியாத ஒன்று என்பது புத்திக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். முடிவு எதுவாக இருந்தாலும் அதைக் கேட்கத் தனியாகப் போகாதீர்கள்.


#15 · புதுஉறுப்பினர்_3

பெண்களுக்கு மட்டும் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். என் பையனுக்கு இருக்கிறது. இரண்டு வருடம் இந்தப் பரிசோதனையே போடவில்லை, ஆண் பிள்ளை என்பதால்.


#16 · வெள்ளெலி

உண்டு. கரு உண்டான பிறகு ஏதோ ஒரு செல்லில் பிறழ்வு ஏற்பட்டால் ஆண் குழந்தையிடமும் இரண்டு வகைச் செல் கலந்துவிடும். அப்போது பெண்களுக்கு வருவதுபோலவே வரும், அதே கொத்து, அதே காய்ச்சல். 2009-லேயே அப்படி ஒரு பையனைப் பற்றி எழுதினார்கள். கலப்புத்தான் காரணம் என்று நம்புகிறோமே, இந்தப் பையன்கள் அதற்கு உயிருள்ள சாட்சி. உலக வலிப்புத் தடுப்புக் கழகத்தின் 2022 வகைப்பாட்டில் "பிசிடிஎச்19 கொத்து வலிப்பு" என்றுதான் பெயர். அதில் பெண் என்ற சொல் இல்லை.


#17 · கோடைமழை

மருந்து பற்றி யாரும் பேசவில்லையே. எங்களுக்குக் குளோபசாம் மட்டும்தான் ஏதோ செய்கிறது. கொத்து நடக்கும்போது மூக்கில் அடிக்கும் மிடசோலம் வைத்திருக்கிறோம். அடித்தால் அந்த வலிப்பு நிற்கிறது. இரண்டு மணி நேரத்தில் அடுத்தது. எத்தனை தடவைதான் அடிப்பது?


#18 · நரம்புமுடிச்சு

இந்தக் கேள்விக்கு உங்கள் டாக்டரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். எடையைப் பொறுத்த அளவு, ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை, எத்தனையாவது வலிப்பில் வண்டி ஏற வேண்டும் என்று ஒரு தாளில் இருக்க வேண்டும். மிடசோலம் குடும்பத்து மருந்துகளை அடுத்தடுத்துக் கொடுத்தால் மூச்சு மந்தமாகும். வீட்டில் அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. தனி ஒரு வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், இரண்டுக்கு நடுவில் நினைவு திரும்பாவிட்டாலும், கொத்தில் எத்தனையாவது என்று பார்க்காமல் அவசர சிகிச்சைதான்.

நிரந்தர மருந்துகளில் குளோபசாமும், பழங்காலத்துப் புரோமைடும் ஒப்பீட்டளவில் நன்றாக வேலை செய்வதாகப் பல மருத்துவமனைகளின் நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு சொன்னது. புரோமைடு 19-ஆம் நூற்றாண்டு மருந்து. வலிப்புக்கு முதன்முதலில் பலன் தந்ததே அதுதான். பலரும் மறந்துபோன மருந்து இந்தக் குழந்தைகளுக்கு மறுபடி கைகொடுக்கிறது. வால்புரோயேட், லெவெடிராசெட்டம் எல்லாம் சிலருக்கு. டிராவேயில் கார்பமாசெபின், பெனிடாயின் மாதிரி, நரம்புச் செல்லுக்குள் சோடியம் போகும் வழியை அடைக்கும் மருந்துகளைத் தவிர்ப்போம். இங்கே அப்படி ஒரு பொதுத் தடை இல்லை, சில ஆஸ்பத்திரிகளில் கொத்தை நிறுத்தப் பெனிடாயின் ஏற்றுவதும் உண்டு. பெயர் குழம்பினால் சிகிச்சையும் குழம்பும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கொத்தின்போது சில நாள் ஸ்டீராய்டு கொடுத்துப் பலன் கண்டதாகச் சிறு அளவில் அறிக்கைகள் இருக்கின்றன. இந்தப் பெண்களின் ரத்தத்தில் அலோபிரெக்னனோலோன் என்ற ஒரு ஹார்மோன் வழிப்பொருள் குறைவாக இருப்பதைப் பார்த்து, அதன் சாயலில் செய்த கானக்சோலோனையும் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு வலிப்பு குறைந்ததாகத் தெரிந்தது, ஆனால் ஆட்கள் மிகக் குறைவு, தற்செயல் இல்லை என்று புள்ளிவிவரத்தால் நிரூபிக்க முடியவில்லை. அரைத்தூக்கம் மேலே சொன்னதுதான் இங்கேயும் இடிக்கிறது. தானாகவே வந்து தானாகவே போகிற ஒன்றில் எந்த மருந்துக்கு மார்க் போடுவது?


#19 · அரைத்தூக்கம்

இ.இ.ஜி. (மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை) பற்றி ஒரு வார்த்தை. கொத்துக்கு நடுவில் எடுத்தால் எங்களுக்கு இரண்டு தடவை சுத்தமாக வந்தது. எம்.ஆர்.ஐ.யும் நார்மல். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று ஒருவர் சொல்லியேவிட்டார். அன்று அந்த மனிதருக்கு வீடியோவைக் காட்டியிருக்க வேண்டும், என் போனில் இருந்த வீடியோக்களோ எல்லாம் கைகால் வெட்டும் பகுதியிலிருந்து தொடங்கின. முதல் பத்து விநாடி ஒன்றிலும் இல்லை, ஏனென்றால் அப்போது நான் போனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போது மூக்கு ஒழுகத் தொடங்கியதுமே ஒரு பழைய போனைக் கட்டிலுக்கு எதிரே ஓடவிட்டுவிடுகிறேன். அதில்தான் தெரிந்தது, அலறலுக்கு எட்டு விநாடி முன்பே அவள் இடது கைவிரல்கள் போர்வையைப் பிசைய ஆரம்பிக்கின்றன. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நான்கு வருடமாக அதைப் பார்த்ததில்லை.


#20 · மின்மினி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஐந்தாவது கொத்து வந்து போனது.

வியாழன் இரவு லேசாக இருமினாள். போனை ஓடவிட்டோம், இந்த இழையைப் பார்த்துத்தான். வெள்ளி விடியற்காலை 4:10-க்கு முதலாவது. போன தடவைகளில் ஏழு எட்டு ஆகும்வரை வீட்டில் வைத்துக்கொண்டு பார்ப்போம். இந்த முறை டாக்டர் எழுதிக் கொடுத்த தாளில் "மூன்றாவது வலிப்பில் கிளம்பு" என்று இருந்தது, மூன்றாவதில் கிளம்பிவிட்டோம். மொத்தம் ஆறு. ஞாயிறு மதியத்தோடு சரி. சீக்கிரம் போனதால் குறைந்ததா என்று கேட்டேன். ஒரே கொத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று அதே டாக்டர் அதே பதிலைச் சொன்னார். இந்த முறை கோபம் வரவில்லை.

அலறியபோது முதுகில் கை வைத்திருந்தேன். அவளுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

நோட்டில் கடைசிக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. நேற்று இரண்டு கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தாள், மூன்றாவதை வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்பு ஐந்து வைப்பாள். ஐந்து வைக்கும் அன்று தேதி போடுகிறேன்.

அவர் ரத்தம் கொடுத்துவிட்டார். முடிவு வர ஆறு வாரம். நாலாம்மாடி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரண்டு பேருமாகப் போவதாகத்தான் முடிவு செய்திருக்கிறோம். உங்களைத் தொடர்புகொள்ளலாமா என்று அவர் கேட்கச் சொன்னார்.


#21 · நாலாம்மாடி

உள்பெட்டியில் எண் அனுப்பியிருக்கிறேன். இரவு ஒன்பதுக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்கள், அப்போதுதான் பிள்ளைகள் தூங்குவார்கள்.